ஏழாம் கட்டத்தில் தாய் இஞ்சி

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஏழாவது கட்டத்தில் பிறந்தது. அந்தக் கட்டத்தைத் தப்பாக நிரப்பியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து, "பார்த்தீங்களா, இந்த ஆள் மறைச்சிட்டான்" என்று பேச வேண்டாம்.

என் தொழில் படிவம் எழுதுவது. கிழக்கு நேபாளத்தில், இந்தியாவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணக்கு வாத்தியாராக வந்தேன், பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், கையெழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. கடல் இல்லாத நாட்டுச் சரக்கு அடுத்தவர் வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்கிறதுக்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதில்தான் என் சோறு.

வேலை ஓய்ந்த நேரத்தில் தமிழில் கதை எழுதுவேன். இந்த ஊரில் அதைப் படிக்க ஒருத்தரும் கிடையாது. அது ஒரு பெரிய சௌகரியம்.

2

மழை விட்டும் விடாத ஒரு ஜூலைக் காலையில், இஞ்சி மணக்கும் லாரி ஒன்று பாலத்தருகே வந்து—

(வேண்டாம். எங்கள் பாலத்தில் டீசலைத் தவிர எதுவும் மணக்காது.)

சஞ்சராணி நெம்பாங் என்ற அந்தப் பெண்ணின் கண்களில் மலைகளின் மௌனம்—

(அய்யய்யோ! அவள் காதில் இது விழுந்தால் மேசையோடு என்னைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை வந்தபோது அவள் கண்ணில் இருந்தது தூக்கம். மௌனத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அழகு வருகிற இடத்தில் தானாக வரட்டும்.

3

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சஞ்சராணி லாரியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, என் முன்னால் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தாஜு*, எழுதுங்க. ஏற்றுமதி பண்றவங்க பேரு: பாக்சிலா மகளிர் இஞ்சிக் குழு. பெருசா எழுதுங்க."

"கட்டத்துக்குள்ள அடங்கணுமே பைனி."

"அடங்காட்டி வெளிய போகட்டும். இத்தன வருஷமா அந்தக் கட்டத்துல பூரண் பேருதான் இருந்துச்சு. நாப்பத்திரெண்டு பொம்பளைங்க தோண்டுவோம், கழுவுவோம், சுமப்போம். பேரு மட்டும் அவனுது."

பூரண் என்பவன் தரகன். மலையடிவாரத்திலேயே மடக்கி, அவன் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு பாலம் தாண்டிவிடுவான். இந்த வருஷம் சஞ்சராணி சண்டை போட்டு, குழுவைப் பதிவு செய்து, சொந்தப் பேரில் முதல் லாரியைக் கொண்டு வந்திருக்கிறாள். இது போய்ச் சேர்ந்தால் குழு நிற்கும். வழியில் அழுகினால் நாற்பத்திரண்டு பேரும் மறுபடி பூரண் வாசலுக்குப் போவார்கள். அவன் போன வாரமே மலைக்குப் போய், "பொம்பளைங்க பேப்பர் பாலம் தாண்டுமா?" என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறான்.

ஏழாவது கட்டம் வந்தது. அறுவடைத் தேதி.

"எப்ப தோண்டினீங்க?"

"புதன்கிழமை."

புதன்கிழமைத் தேதியைப் போட்டேன். உண்மையைத்தான் எழுதினேன். அதுதான் என் தப்பு. பத்தொன்பது வருஷ அனுபவசாலி செய்கிற காரியமா இது!

(*அண்ணன் என்று பொருள். பைனி என்றால் தங்கை. அவள் முதலில் என்னை சார் என்றாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அண்ணனாகிவிட்டேன். தங்கை ஆன பிறகு எழுத்துக்கூலியில் பாதி போய்விடும், அது இந்த ஊர் வழக்கம்.)

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு விவசாயப் பாடம். ரொம்பச் சின்னது, தாண்டிப் போகாதீர்கள். இது புரியாமல் போனதால்தான் ஒரு லாரி நின்றது.

இந்த மலையில் மார்ச்சில் இஞ்சித் துண்டை நடுவார்கள். அது முளைத்துப் புது இஞ்சி பிடிக்க ஆரம்பித்ததும், ஜூலையில் செடி ஓரமாக விரலை விட்டு, நட்ட பழைய துண்டை மட்டும் லாவகமாக உருவி எடுத்துவிடுவார்கள். செடி அசையாது. பிள்ளை மண்ணுக்குள் வளரும், தாய் சந்தைக்குப் போகும். நவம்பரில் பிள்ளையைத் தோண்டுவார்கள். நட்ட விதையைத் திரும்ப எடுத்து விற்கிற சாமர்த்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படிவம் அச்சடித்த புண்ணியவானும் பார்த்ததில்லை.

5

இப்போது கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பயிர்ச் சோதனை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் சான்யால் சாரைத்தான் வில்லனாக்க நினைத்தேன். ஒரு வரைவில் அவருக்குத் தொப்பையும் தங்க மோதிரமும்கூடக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனுஷன் ஒல்லி. லஞ்சம் வாங்க மாட்டார், கோபப்பட மாட்டார், உட்காரச் சொல்லி டீ சொல்லுவார். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட இடைஞ்சல் உண்டா?

நானும் சஞ்சராணியும் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்த படிவத்தை ஒரு தரம் பார்த்தார், மறு தரம் பார்த்தார்.

"ஏம்மா, ஜூலையில ஏது இஞ்சி? நவம்பர்லதான உங்க ஊர்ல தோண்டுவாங்க?"

"நவம்பர்ல தோண்டறது பிள்ளை சார். இது தாய்."

"எது?"

"தாய். மார்ச்சுல நட்டோம். பிள்ளை பிடிச்சதும் தாயை மட்டும் எடுத்துட்டோம்."

"தாயை எடுத்தா செடி செத்துறாதா?"

"உங்கம்மா ஊர்ல இருக்காங்க, நீங்க இங்க வந்து உக்காந்திருக்கீங்க. செத்தா போயிட்டீங்க?"

சான்யால் சார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே "எந்த நாட்டுச் சரக்கு என்பது சந்தேகம்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. வடக்கே சீனாவிலேருந்து வர்ற இஞ்சி உங்க சான்றிதழை மாட்டிக்கிட்டு இறங்குதுன்னு மேலேருந்து ஓலை வந்திருக்கு. எங்க புத்தகத்துல உங்க நாட்டு இஞ்சிக்கு ஒரே அறுவடைதான். ஜூலைன்னு எழுதினா நான் எப்படி விடறது?"

"வந்து பாருங்க. வயல் இருக்கு, செடி இருக்கு, பிள்ளை இருக்கு."

"என் அதிகாரம் பாலத்துக்கு நடுவுல முடிஞ்சிரும்மா."

"அப்ப செடிய இங்க கொண்டு வர்றேன்."

"மண்ணோட செடி உள்ள வரக்கூடாது."

"கழுவிட்டுக் கொண்டு வரவா?"

"கழுவினா அது எந்த ஊர்ல முளைச்சதுன்னு யாரு சொல்றது?"

சஞ்சராணி என்னைப் பார்த்தாள். நான் பாலத்தைப் பார்த்தேன்.

6

கழுவின இஞ்சிக்கு இந்தப் புழுக்கத்தில் நாலு நாள் ஆயுசு. மண்ணோடு இருந்தால் இரண்டு வாரம் தாங்கும், ஆனால் மண்ணோடு பாலம் தாண்டாது. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை எங்கள் பக்கம் விடுமுறை, திருத்திய சான்றிதழ் தர ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கம் விடுமுறை, வாங்கிப் பார்க்க ஆளில்லை. இரண்டு நாடும் நட்பு நாடுகள்தான். ஓய்வெடுக்கிற விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவதில்லை.

(என் சொந்த ஊர் நண்பர் ஒருவர் ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கே" என்றார். இருக்கட்டும். லாரியும் அந்த இரண்டு நாள் சும்மாதான் நின்றது.)

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு காரியம் நடந்தது. நான் இட்டுக்கட்டவில்லை, எனக்கு அவ்வளவு கற்பனை போதாது.

சான்யால் சார் ஞாயிறுதோறும் பாலம் தாண்டி எங்கள் பக்கம் மோமோ சாப்பிட வருவார். எருமைக் கறி மோமோ, காரச் சட்னி இரண்டு தரம். இது ஊருக்கே தெரியும். சஞ்சராணிக்கும் தெரிந்துவிட்டது. சனிக்கிழமையே மலைக்கு ஃபோன் போட்டு, மண்ணோடு ஒரு செடியைப் பெயிண்ட் டப்பாவில் வைத்து ஜீப்பில் வரவழைத்திருந்தாள். அவர் முதல் மோமோவை வாயில் போட்டதும் டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"சாப்பிடுங்க சார், சாப்பிட்டுக்கிட்டே பாருங்க."

விரலை மண்ணுக்குள் விட்டாள். அதிகம் போனால் பத்து எண்ணுவதற்குள், சுருங்கிய பழைய துண்டு ஒன்று வெளியே வந்தது. செடி ஒரு இலைகூட ஆடவில்லை. துண்டின் ஓரத்தில் பிள்ளை ஒடிந்த காயம். மடியிலிருந்து லாரி இஞ்சி நாலைந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே காயம்.

"அடேயப்பா!" என்றார் சான்யால். மோமோ ஆறிப்போனது. அவரே விரலை விட்டுப் பிள்ளையைத் தடவிப் பார்த்தார். "நெசமாவே உள்ள இருக்கே! இருபது வருஷமா இஞ்சிய பாக்கறேன், எவனும் சொல்லலியே எனக்கு."

"எவனையும் நீங்க கேக்கலியே சார்."

வீட்டில் காட்ட வேண்டும் என்று அந்தத் தாய்த் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மண் ஒட்டிய விரலோடு பாலம் தாண்டிப் போனார். அவரை யாரும் நிறுத்தவில்லை.

8

கதை ஏழாம் பகுதியிலேயே முடிந்திருக்க வேண்டும். அழகாக இருந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை வந்துவிட்டது.

"சார், நேத்து நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. யாரு இல்லேன்னா? ஆனா பாத்தது நான். ஆபீஸ் பாக்கலியே." அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது. "அதுவும் ஞாயித்துக்கிழமை, அந்தப் பக்கம், மோமோ கடையில. இதை நான் என்னன்னு எழுதுவேன்?"

பிறகு குரலைத் தாழ்த்தி, என்னிடம் சொல்வது போல அவளுக்குச் சொன்னார். வழி இரண்டு. படிவத்தில் "நட்டுப் பின் எடுத்தது" என்று உள்ளபடி எழுதலாம். அப்படி எழுதினால் அது விதை. விதைக்குத் தலைநகரத்து அனுமதி வேண்டும், மூன்று வாரம். இல்லையென்றால் புதுப் படிவத்தில் ஏழாம் கட்டத்தில் போன நவம்பர் என்று எழுதி, நடுவே நட்டதைப் பற்றி மூச்சு விடாமல் இருக்கலாம். அரை மணி நேரத்தில் பாலம் தாண்டிவிடும்.

என் மேசைக்குத் திரும்பினோம்.

"பொய்யின்னும் சொல்ல முடியாது பைனி," என்றேன். "போன நவம்பர்ல தோண்டினதுதான? அப்புறம் நட்டீங்க, அப்புறம் எடுத்தீங்க."

"அப்ப எட்டு மாசமா மூட்டையில கிடந்த சரக்குன்னுதான அர்த்தம்? நாப்பத்திரெண்டு பேரு மழையில குனிஞ்சு ஒவ்வொண்ணா உருவினது எந்தக் கட்டத்துல வரும்?"

"எந்தக் கட்டத்துலயும் வராது."

"பூரண் என்ன எழுதுவான்?"

"நவம்பர்னுதான் எழுதுவான். அவனுக்கு நான்தான் வருஷா வருஷம் எழுதிக் குடுப்பேன்." எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"கீழ 'மேலே சொன்னதெல்லாம் உண்மை'ன்னு இருக்கே, அங்க அவன் கையெழுத்து போடுவானா?"

"சிரிச்சுக்கிட்டே போடுவான்."

"அவன் மாதிரியே எழுதித்தான் தாண்டணும்னா, பேர மட்டும் மாத்த நான் எதுக்கு இவ்வளவு சண்டை போட்டேன்?"

9

முடிவுகள். மூன்று எழுதி வைத்தேன்.

(அ) சான்யால் மனம் மாறி, வேலை போனாலும் பரவாயில்லை என்று முத்திரை குத்துகிறார். (அவருக்கு இரண்டு பெண்கள், காலேஜ் படிக்கிறார்கள். அவரிடம் இதைக் கேட்க நான் யார்?)

(ஆ) சஞ்சராணி இஞ்சியை எல்லாம் பாலத்தின் நடுவில் கொட்டி— (கொட்டினால் குப்பை போட்டதற்குத் தனிப் படிவம். அதையும் நான்தான் எழுத வேண்டும்.)

(இ) பூரண் வந்து பாதி விலைக்குக் கேட்கிறான். (வந்தான். நிஜமாகவே வந்தான். இப்போது எதிர் டீக்கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என் கதையில் முடிவைத் தர மாட்டேன்.)

10

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோன் அடித்தது. மலையிலிருந்து. ஒருத்தி குரல் மட்டும் இல்லை, பின்னால் பத்துப் பதினைந்து பேர் பேசுவது எனக்கே கேட்டது. லாரி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். பூரண் ஆள் வந்து நிற்கிறானாம், அடுத்த லோடை யாருக்குத் தருவது என்று இப்போதே சொல்ல வேண்டுமாம்.

சஞ்சராணி எழுந்து நின்றாள். தொண்டையைக் கனைத்தாள்.

"தாண்டிருச்சுடி! நம்ம பேருலயே தாண்டிருச்சு. அவனைப் போகச் சொல்லுங்க!"

அந்தப் பக்கம் கூச்சல், கைதட்டல். யாரோ ஒருத்தி விசில் அடித்தாள். இவள் ஃபோனை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தை அழுந்தத் துடைத்தாள். அழுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை.

"சொல்லிட்டேன் தாஜு. இனி அது பொய்யாகக்கூடாது. குடுங்க பேனாவ."

பேனா என் கையில்தான் இருக்கிறது, இந்த வரியை எழுதிக்கொண்டிருப்பதால். கொடுத்தால் அவள் நவம்பர் என்று எழுதிவிடுவாள். குழுவின் முதல் லாரியிலேயே, பெரிய எழுத்தில் எழுதிய அந்தப் பேருக்குக் கீழே. கொடுக்காவிட்டால் மலையில் கைதட்டியவர்களிடம் அவள் பொய்க்காரி. அதனால் இன்னும் ஒரு வாக்கியம், இன்னும் ஒரு வாக்கியம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கையை நீட்டியபடியே இருக்கிறாள்.

வாசகரே, கொடுக்கட்டுமா, வேண்டாமா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிறது, சுற்றிலும் தரை காய்ந்துவிட்டது, லாரிக்கு அடியில் மட்டும் மூட்டையிலிருந்து சொட்டிச் சொட்டி நனைந்துகொண்டிருக்கிறது.