ஆள் தெரியாவிட்டால் நிறுத்து

இன்னும் நூற்று இருபத்தாறு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நின்றபடியே மருமகள் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கடற்கரை விழா மேடையில், ஊரே பார்க்க அத்தை சமைத்துக் காட்ட வேண்டும். அத்தைக்குச் சமைக்கத் தெரியாது.

வினை மருமகளின் வாயால்தான் வந்தது. இத்தனைக்கும் வேலை செய்யும் இடத்தில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். அவளுக்குப் பதிலாக அவளுடைய சாப்பாட்டு டப்பாதான் பேசும். டப்பாவின் மூடி திறந்ததும் நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்கா எழுந்து வந்துவிடுவாள். "யாரு சமையல் இது?" என்று கேட்பாள். "எங்க அத்தை" என்பாள் மருமகள். ஒரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்த அக்காவின் தம்பி விழாக் குழுவில் இருந்தான். படகுப் போட்டி, மணல் சிற்பம், பாட்டுக் கச்சேரி எல்லாம் வழக்கம்போல. இந்த வருடம் புதிதாக 'முக்கால் மணியில் ஒரு சமையல்' என்று ஒன்று சேர்த்திருந்தார்கள். வீட்டில் சமைப்பவர் ஒருவர் தினமும் மேடையேறி, எளிதாக ஒன்றைச் செய்து காட்டுவார். சனிக்கிழமைக்கு இருந்த பெண்மணிக்குக் காய்ச்சல். அக்கா தம்பியிடம் சொன்னாள், தம்பி பெயரைச் சேர்த்துவிட்டான், காலையில் நோட்டீசும் ஒட்டியாகிவிட்டது. "உங்க அத்தை கை தங்கம்டி. ஊருக்கும் தெரியட்டுமே" என்று அக்கா அவள் முதுகில் தட்டினாள். அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் எச்சிலை விழுங்கினாள். அதோடு உண்மையும் உள்ளே போய்விட்டது.

வீட்டில் சமைப்பது மாமா. மூன்று வருடம் முன்பு ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இருபது டன் பெட்டியை முட்டை வைப்பதுபோல் தரையில் வைப்பாராம். அதே கைதான் வெங்காயம் நறுக்கியது. அத்தை கீழே நின்று அவருக்குச் சிக்னல் காட்டியவள். பெட்டியின் அடிப்பக்கம் கூண்டிலிருந்து தெரியாது. கீழே நிற்பவர் கை என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அத்தை கை காட்டினாள், மாமா கேட்டார். ஒரு சுண்டுவிரல்கூட யாருக்கும் நசுங்கியதில்லை.

கல்யாணமாகி வந்த இரண்டாம் நாளே மாமா மருமகளிடம் சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் சமைத்தது அத்தை. தனக்குப் பாராட்டு ஒத்துக்கொள்ளாது, யாராவது நல்லா இருக்குன்னு சொன்னா ரெண்டு நாள் சோறு இறங்காது என்றார். அவர் அப்படித்தான். சாப்பிடும்போது உற்றுப் பார்த்தாலே புரை ஏறும். மருமகளும் கிட்டத்தட்ட அதே ரகம் என்பதால் அவளுக்கு அது உடனே புரிந்தது. கணவன் கப்பல் வேலையில் இருந்தான். இதைப் போனில் சொன்னபோது, அந்த ஒரு பொய்யில்தான் எங்கள் வீடு நிற்கிறது, ஆட்டிப் பார்க்காதே என்று சிரித்தான்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது அத்தை கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

மாமா தலையைக்கூடத் திருப்பவில்லை. ஐந்து நாள் முழுசாக இருக்கிறது, ஒரே ஒரு சோறு, நான் பழக்கிவிடுகிறேன் என்றார். மீனும் சோறும் ஒரே பாத்திரத்தில் வேகும் பண்டம் அது. வெங்காயம், தக்காளி, அரிசி, மேலே மீன் துண்டு, இறக்கும்போது எலுமிச்சை. குழந்தைகூடச் செய்யும் என்றார்.

குழந்தை செய்திருக்கும். அத்தை செவ்வாய்க்கிழமை வெங்காயத்தைக் கரியாக்கினாள். புதன்கிழமை அரிசியைப் பசையாக்கினாள். மாமாவின் பாடம் அப்படி. எவ்வளவு தண்ணீர் என்றால் "பார்த்தா தெரியும்" என்பார். எவ்வளவு நேரம் என்றால் "வாசனை வரும்ல, அப்போ" என்பார். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற மாதிரியே தராசு, அளவுக் கோப்பை, கடிகாரம் வைத்துக்கொண்டு அவர் சமைப்பதை நின்று அளந்தாள். அரிசி முந்நூறு கிராம். தண்ணீர் அறுநூற்று முப்பது மில்லி. மீன் வைத்தபின் சின்னத் தீயில் பதினோரு நிமிடம். மூன்று முறை அளந்தாள், மூன்று முறையும் ஒரே அளவு. கண்ணால் பார்த்தே ஒரு மனிதர் ஐந்து மில்லி பிசகாமல் ஊற்றுகிறார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. தராசு தப்போ என்று சந்தேகப்பட்டு ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தாள். தராசு சரியாகத்தான் இருந்தது.

எழுதிக் கொடுத்த தாளை அத்தை கண்ணாடி போட்டுப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் அடியில் பிடித்துவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போதுதான் அத்தை மிச்சக் கதையைச் சொன்னாள். அந்தத் துறைமுகத்தில் சிக்னல் காட்ட வந்த முதல் பெண் அவள். கல்யாணமாகி இரண்டு மாதம். முதல் வாரம் சாப்பாட்டுக் கொட்டகையில் ஆண்கள் கிண்டல் செய்தார்களாம், கை காட்டத் தெரியுது, கரண்டி பிடிக்கத் தெரியுமா என்று. அன்றைக்கு டப்பாவில் இருந்தது அவர் சமைத்தது. ஒருவன் ஒரு வாய் எடுத்துப் பார்த்து அசந்துபோய், யார் செய்தது என்றான். நான்தான் என்று சொல்லிவிட்டாள். மூன்று ஆள் தள்ளி அதே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

"வீட்டுக்கு வந்து திட்டுவார்னு நினைச்சேன். 'நாளைக்கு என்ன சமைக்கப் போறே?'ன்னு என்னைக் கேட்டார். அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் ஓடிப்போச்சு." அத்தை ஒரு போர்வையை உதறினாள். "வெட்கம் அவருக்குன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கோம் கண்ணு. பொய் என்னுது."

கீழே தெரு முழுக்கச் சர விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மருமகள் போர்வையின் மறு நுனியைப் பிடித்து மடித்தாள்.

வழி பிறந்தது வியாழக்கிழமை. அத்தை அடுப்பு முன்னால் நின்றாள். மாமா ருசி பார்க்கச் சூடாக ஒரு வாய் போட்டுக்கொண்டதில் பேச முடியவில்லை. கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அத்தையின் கை தீயைக் குறைத்தது. அவர் ஆள்காட்டி விரலைச் சுழற்றினார். அத்தை கிளறினாள். கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினார். கரண்டி அந்தரத்தில் நின்றது. மருமகள் வாசலில் நின்று பார்த்தாள். அறுநூற்று முப்பது மில்லி என்று பத்துத் தடவை சொல்லியும் தப்பிய தண்ணீர், மாமாவின் உள்ளங்கை நிமிர்ந்ததும் சரியான இடத்தில் நின்றது. இத்தனை வருடம் அவள் கைக்கு அவர் ஆடியது போக, இப்போது அவர் கைக்கு அவள் ஆடினாள். அன்று ராத்திரி மூவரும் பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள்.

அப்போது மாமா பழைய கதை ஒன்று சொன்னார். ஒருநாள் காலை கடல் மூடுபனி இறங்கி, கீழே நின்ற அத்தை மறைந்துவிட்டாள். பெட்டி அந்தரத்தில். அதிகாரி ஒலிபெருக்கியில் கத்துகிறார், இறக்கு இறக்கு என்று. இவர் அசையவில்லை. நாற்பது நிமிடம். பனி விலகி அவள் கை தெரிந்த பிறகுதான் இறக்கினாராம்.

"ஆள் தெரியலன்னா நிறுத்தணும்" என்றாள் அத்தை, தட்டிலிருந்து நிமிராமல். "அரைகுறையாத் தெரிஞ்சாலும் தெரியாத கணக்குதான்."

சனிக்கிழமை கடற்கரையில் எள் போட்டால் கீழே விழாது. மாமா ஐஸ் கடையிடம் கேட்டு ஒரு பெஞ்சை வாங்கிப் போட்டு, கூட்டத்துக்குக் கடைசியில் அதன்மேல் ஏறி நின்றுகொண்டார். மேடையிலிருந்து இடுப்புக்கு மேல் பளிச்சென்று தெரிந்தார். பத்து மாடி உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு மேடை அடுப்பு ஒன்றும் தூரமில்லை. மருமகள் மேடை ஓரத்தில், சாமான் எடுத்துக் கொடுக்கும் சாக்கில், தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பேர் முன்னால் நிற்கக் கூசி, மேடைத் தூணுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டாள். அத்தைக்கு அப்படி எதுவும் இல்லை. காலை அகட்டி வைத்து, முதுகை நிமிர்த்தி, துறைமுகத்தில் நிற்பதுபோலவே நின்றாள்.

அறிவிப்பாளர் பெண் மூச்சு விடாமல் பேசுபவள். "அம்மா அடுப்பையே பார்க்க மாட்டேங்கறாங்க. கடலைப் பார்த்துக்கிட்டே சமைக்கறாங்களே?"

"மேல இருக்கறவரைப் பார்த்துக்கிறேன்" என்றாள் அத்தை.

அதைப் பக்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெங்காயம் பொன்னிறத்துக்கு வந்தது. தக்காளி கரைந்தது. தண்ணீர் சரியான கோட்டில் நின்றது. மீன் துண்டுகளைப் பரப்பி மூடியபோது முன்வரிசைவரை வாசனை போனது. குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருஷப் பழக்கம்மா இந்தக் கை என்று அறிவிப்பாளர் கேட்டாள். அத்தை பெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல் கரண்டியைத் துடைத்து வைத்தாள். மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூடி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஏழு. தப்பித்தோம் என்று அவள் மனசு சொல்ல ஆரம்பித்த நேரம், பலூன்காரர் வந்தார்.

ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கொத்துப் பலூன். ஐஸ் கடைப் பக்கம் குழந்தைகள் மொய்க்க, அவர் சரியாகப் பெஞ்சுக்கு முன்னால் நின்றுவிட்டார். மாமா மறைந்துபோனார்.

அத்தை அடுப்பை அணைத்தாள். ஒரு அடி பின்னால் வந்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆயிடுச்சாம்மா?" என்றாள் அறிவிப்பாளர்.

"இல்ல."

"அப்புறம் ஏன் அணைச்சிட்டீங்க?"

"ஆள் தெரியல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அறிவிப்பாளர் மைக்கைத் தாழ்த்தி, அணைந்த அடுப்பை எட்டிப் பார்த்தாள். பலூன்களுக்கு மேலே இரண்டு விரல் நுனி எழும்பி எழும்பி மறைந்தது. மாமா அங்கே பெஞ்சில் குதித்துக்கொண்டிருக்க வேண்டும், முழங்கால் வலியோடு. மருமகள் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னாள். "அத்தை, ஏழு நிமிஷம், சின்னத் தீ. அவ்வளவுதான் பாக்கி. தாள்ல இருக்கு. நான் சொல்றேன், நீங்க பத்த வைங்க."

அத்தை தாளைப் பார்த்தாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. பற்றவைத்தால் ஏழு நிமிடத்தில் சோறு வெந்துவிடும், ஊர் கைதட்டும், முப்பத்தோரு வருடம் முப்பத்திரண்டாகும். அவள் மருமகளின் கன்னத்தை ஈரக் கையால் ஒருமுறை தொட்டாள். பிறகு அறிவிப்பாளரிடம் கையை நீட்டி, மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க" என்றாள். குரல் கடைசி வரிசைவரை போயிற்று. "கல்யாணமான நாள்லேர்ந்து எங்க வீட்டுல சமைக்கிறது, அதோ, அந்தப் பலூனுக்குப் பின்னால குதிச்சிட்டிருக்காரே, அவர்."