வடக்குக் கொட்டகை நாய்கள்

செத்துப்போன நாய்கள் சட்டசபை உறுப்பினர்களின் வீட்டு வாசல்களில் வந்து உட்கார ஆரம்பித்ததும் பால் விலை ஏறியதும் ஒரே செவ்வாய்க்கிழமை. ஊரில் பால் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வாசலில் நாய் உட்காருவது புதிதில்லை. பால் அந்த விலைக்கு விற்றதுதான் புதிது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாய், படியிலிருந்து கொஞ்சம் தள்ளி, கதவைப் பார்த்து, நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. விரட்டினால் நகரவில்லை. தடியால் தட்டிப் பார்த்தவர்களுக்குக் காலிச் சாக்கைத் தட்டிய சத்தம் கேட்டது. மழை வந்த ஒரு சாயங்காலம் அத்தனை நாய்களும் முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்து வைத்துக்கொண்டன. மழையோ அவற்றைச் சுற்றிக்கொண்டு பெய்தது. அவை உட்கார்ந்திருந்த இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்து கிடந்தது. இவை செத்த நாய்கள் என்று முதலில் சொன்னவர் தபால்காரர். ஊருக்கு வெளியே இருந்த பிராணிகள் காப்பகத்துக்குத் தினமும் போய்வருகிறவர் அவர். காது மடங்கிய செவலை ஒன்றைப் பார்த்து, "நீ போன மாசமே போயிட்டியே" என்று விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் தபால் கொடுக்கப் போனார்.

காப்பகத்தை நடத்திய சங்கத்துக்கு வரிவிலக்கு உண்டு. அங்கே நன்கொடை கொடுத்தவர்களுக்கும் வரியில் கொஞ்சம் குறையும். அதனால்தான் பாதிப் பேர் கொடுத்தார்கள். பதிலுக்கு அரசாங்கம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது: பிராணிகளைக் காப்பாற்றுங்கள், சட்டம் போடச் சொல்லி உறுப்பினர்களை நச்சரிக்காதீர்கள், கேட்டே ஆக வேண்டுமென்றால் அளவோடு கேளுங்கள். அந்த அளவு எது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சங்கத்தின் ஆடிட்டர் மட்டும் தெரிந்த மாதிரி பேசுவார். "மாடு தாகத்துல சாகுதுன்னு சொல்லலாம்மா. அதனால ஓட்டுக்குக் கையத் தூக்குங்கன்னு சொல்லக் கூடாது. மாட்டோட நிறுத்திக்கணும்." சங்கத்தின் செயலாளர் அதைக் கேட்டுக்கொள்வாள். அவளுக்குக் குழந்தை குட்டி கிடையாது. கூடப் பிறந்த தம்பி ஒருவன், காப்பகத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். காப்பகம் தம்பிக்கு, சட்டசபை அக்காவுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டவர்களைப் போல இருந்தார்கள். லாரியில் ஆடுமாடு ஏற்றிப் போகிறவர்கள் வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டியே ஆக வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. ஏழெட்டு வருஷம் வராந்தா வராந்தாவாக நடந்து அதை வரவழைத்தவள் அவள்தான். கண் வெளியே தள்ளி, லாரிப் பலகையை நக்கிக்கொண்டே செத்த மாடுகளை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

மசோதாவை ஆராயும் குழு கோடையின் நடுவில் கூடியது. அதற்கு முந்தின நாள் காப்பகத்தில் தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது. மற்ற கொட்டகைகளுக்குத் தொட்டி இருந்தது. நாய்கள் இருந்த வடக்குக் கொட்டகைக்கு மோட்டார்தான் கதி. தம்பி வந்து அக்காவிடம் சொன்னான். "நாளைக்குப் பாத்துக்கலாம்டா. இப்ப எனக்குச் சட்டசபையில ஆள் வேணும், நீயும் வா. கூட்டம் இல்லேன்னா நம்மள யாரு மதிப்பா? தொண்டர்ங்க வந்து வாளியில ஊத்திடுவாங்க" என்றாள் அக்கா. தொண்டர்களோ, கூட்டம் வேண்டும் என்று கேள்விப்பட்டு நேரே சட்டசபைக்கு வந்துவிட்டார்கள். அவர்களை வராந்தாவில் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாளி ஞாபகம் வரவில்லை. ஒரு நாளில் முடிய வேண்டிய கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. இடம் போய்விடும் என்று யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. இவர் போயிருப்பார் என்று அவரும், அவர் போயிருப்பார் என்று இவரும் இருந்தார்கள். நாய்மேல் அன்பு வைத்த ஒருவர்கூட அந்த நாட்களில் நாயோடு இல்லை. தம்பி திரும்பிப் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தபோது காலி அலுமினியச் சட்டிகள் பல் பதிந்து கசங்கிக் கிடந்தன. பின்பக்கம் குழி வெட்டி நாய்களைப் புதைத்துவிட்டு வந்து, அக்கா வீட்டு முற்றத்தில் கால் கழுவாமல் நின்றான். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் அவள். "சொன்னா மசோதாவும் போகும், விலக்கும் போகும். மிச்சம் இருக்கற வாயில்லா ஜீவனுக்கெல்லாம் நாளைக்கு யாருடா சோறு போடுவா?" நியாயமான கேள்விதான்.

நாய்கள் உட்கார ஆரம்பித்த பிறகு உறுப்பினர்களுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் தொண்டை அடைத்துக்கொண்டது. பழத்தைச் சப்பியும் ஈரத்துணியை உதட்டில் ஒற்றியும் நாளை ஓட்டினார்கள். அந்த வருஷத்துச் சபைக் குறிப்புகளில் பேச்சுகள் எல்லாம் குட்டை குட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நாக்கைத் தொங்கப்போட்ட நாய் எதைக் கேட்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தண்ணீர் மசோதா சபையில் இருக்கிறது, நாய் வாசலில் இருக்கிறது, மசோதாவைத்தான் கேட்கிறது. ஒவ்வொருவராக ஆதரவு தெரிவித்தார்கள். ஆதரவு தெரிவித்தவர் வீட்டு நாயும் எழுந்து போகவில்லை. ஓட்டுப் போடும்வரை நம்பாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மசோதாவை எதிர்த்த உறுப்பினர்களில் முக்கியமானவர் ஒரு லாரிக்காரர். ஊரில் ஓடுகிற மாட்டு லாரிகளில் பாதி அவருடையது. சங்கம் நாய் விட்டு மிரட்டுகிறது என்று வரி இலாகாவுக்குப் புகார் எழுதிப்போட்டார். ஓர் அதிகாரி வந்தார். வாசல் வாசலாக நடந்து நாய்களைப் பார்த்தார், காப்பகத்தில் வந்து உட்கார்ந்தார். ஆடிட்டர் விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "சார், செத்ததுக்குச் சாப்பாடு கிடையாது, வண்டிச் செலவு கிடையாது. நாங்க அனுப்பவும் இல்ல. இதைச் சங்கத்தோட வேலைன்னு எப்படிச் சொல்றது?" அதிகாரி வெகுநேரம் யோசித்தார். செத்த பிராணி சங்கத்தின் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறது, அதன்பின் அது எங்கே போய் எதைக் கேட்டாலும் அது அதன் சொந்த விஷயம் என்று தீர்ப்பு எழுதினார். எழுந்திருக்கும்போது, "எப்படிச் செத்துச்சுங்க?" என்று கேட்டார். "வெயில்" என்றாள் செயலாளர். "ஆமா, இந்த வருஷம் ஜாஸ்திதான்" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

ஓட்டுப் போடுவதற்குச் சில நாள் இருக்கும்போது, கடைசியாக ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று அக்காவும் தம்பியும் லாரிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நாய் இல்லை. லாரிக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அதுவா? நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு. பழைய குண்டான்ல தண்ணி வச்சேன். மடக் மடக்குன்னு குடிச்சுது. குண்டான் அடிய நக்கிட்டு, ஒடம்ப ஒரு உதறு உதறிட்டு, அந்த மொனை வரைக்கும் போச்சு. அப்புறம் காணோம். தாகம், குடிச்சுது, போச்சு. இதுல என்ன இருக்கு? இவருக்கும் அன்னியிலேருந்து தண்ணி எறங்குது. என்ன, மறுபடியும் உங்கள வாய் ஓயாம திட்டறாரு, அதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தம்பியும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

தெருமுனை திரும்பியதும் அவன் நின்றுவிட்டான். "தண்ணிதான்க்கா கேட்டிருக்கு. இத்தன நாளும் தண்ணிதான். வா, வீட்டுக்கு வீடு ஒரு சட்டி வச்சிட்டு வந்துடலாம்." அவள் நடந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் குடித்தால் நாய் போய்விடும். நாய் போனால் உறுப்பினருக்குத் தொண்டை திறந்துகொள்ளும். தொண்டை திறந்தவர் லாரிக்காரர் பக்கம் சாய்வார். அவளுக்கு இது அவனைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. "ஓட்டு முடியட்டும்டா." "அன்னிக்கும் நாளைக்குன்னுதான் சொன்னே." "செத்தது செத்தாச்சு. நான் உயிரோட இருக்கற மாடுகளுக்காகக் கேக்கறேன். ரோட்டுல இன்னிக்கு எத்தனை லாரி போகுதுன்னு உனக்குத் தெரியுமா?" "தெரியும். ஆனா இதுங்க நம்ம நாய்ங்கக்கா." மறுநாள் காலையிலிருந்து உறுப்பினர் வீடுகளுக்குத் தானே போனாள். பிராணிகளைப் பற்றித் தெரிந்தவள் என்ற முறையில் ஒரு யோசனை சொன்னாள்: இரக்கப்பட்டுத் தண்ணீர் எதுவும் வைத்துவிடாதீர்கள், வைத்தால் பழகிவிடும், ஒன்று நாலாகும். எல்லோரும் நம்பினார்கள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இது அளவுக்குள் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டபோது, "தாராளமா. இது சட்டம் கேக்கறது இல்லியே, பராமரிப்பு ஆலோசனைதானே" என்றார் அவர். தம்பி ஒரு மத்தியானம் வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனான். முதல் வீட்டிலேயே காவலாளி மறித்தான். "உங்கக்கா வந்து வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்களேப்பா, நீ என்ன?" வாசல் கேட்டுக்குள் செவலை வாளியையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பேச்சு. நிறைந்த வாளியோடு அக்கா வீட்டுக்கு வந்து, காப்பகத்துச் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

மசோதா சுலபமாக நிறைவேறியது. லாரிக்காரரும் இன்னும் நாலைந்து பேரும்தான் எதிர்த்தார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் செயலாளர் வெளியே வந்து, தயாராக வாங்கி வைத்திருந்த சட்டிகளையும் தண்ணீர்க் கேன்களையும் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். எந்த வாசலிலும் நாய் இல்லை. வீடு திரும்பியபோது எல்லாம் அவள் வாசலில் உட்கார்ந்திருந்தன, கதவைப் பார்த்து. சட்டிகளை வைத்தாள். நாய்கள் சட்டியைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, மறுபடி கதவைப் பார்த்தன. அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

நெடுஞ்சாலையில் லாரி நிறுத்தங்கள் வந்தன. நீளமான சிமெண்டுத் தொட்டிகள், பெரிய குழாய்கள். மாடுகள் குடித்தன, அதில் பொய் இல்லை. தம்பி அதில் ஒரு நிறுத்தத்தில் குழாய் திறந்து மூடும் வேலையில் சேர்ந்தான். செயலாளரின் பேர் பரவியது. சட்டம் கேட்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வெளியூர் சங்கங்கள் வந்தன. வந்தவர்கள் வாசலில் நாய்களைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனார்கள். தேய்ந்த குரலில் அவள் சொல்வதைக் குனிந்து கேட்டார்கள். வருஷா வருஷம் விலக்கு புதுப்பிக்கப்பட்டது. காலையில் சட்டிகளைக் கழுவித் தண்ணீர் மாற்றுவதை அவள் ஒருநாளும் விடவில்லை. வெயில் அதில் பாதியைக் குடித்தது. தம்பிக்கு இரண்டு தடவை ஆள் விட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினான். பழத்தையும் ஈரத்துணியையும் வைத்துக்கொண்டு அவள் அவ்வளவு காலம் இருந்ததே பெரிசு என்றார் டாக்டர். கையில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடையில் செத்துப்போனாள். தம்பி வந்து செய்ய வேண்டியதைச் செய்தான். அழவில்லை.

அடுத்த வாரம் அவன் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது நாய்கள் எல்லாம் அவன் வாசலில் இருந்தன. நடுவில் அவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதடு வெடித்து, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே போய் அந்தப் பழைய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நாய்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் குடித்தன. குடித்த ஒவ்வொன்றும் உடம்பை உதறிவிட்டுத் தெருமுனைவரை போய்க் காணாமல் போயிற்று, செவலைதான் கடைசி. அவள் மட்டும் இருந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றான். என்னென்னவோ சொல்ல இருந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்று மட்டும் வந்தது. டம்ளரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

நிறுத்தத்தில் முதல் லாரிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, கையில் கொஞ்சம் ஏந்தி வாயில் ஊற்றினான். இறங்கவில்லை. மாடுகள் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெயிலில் நடந்தே வந்தான். அவள் அங்கேயேதான் இருந்தாள். டம்ளரை நிரப்பிக் கொண்டுவந்து, "குடி, அக்கா" என்றான். அவள் இரண்டு கையாலும் வாங்கி, கீழே சிந்தாமல் குடித்து, டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். அவள் வைத்த மீதியை அவன் குடித்தான், இறங்கியது.

பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணியை உதறிக்கொண்டே தெருமுனையைப் பார்த்தாள். "யாருப்பா அது, வந்துட்டுப் போறது?"

"எங்கக்கா."

"போன வாரம்தானே செத்துப்போனாங்க?"

"ஆமா. தண்ணி குடிக்க வந்தா."

"வெயிலும் அப்படித்தானே அடிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்தாள்.