தென்னம்பாளை ஆரத்துக்கு ஓர் ஓவன்

1

இந்தக் கதை எனக்குக் கடையில் கிடைத்தது. தஞ்சாவூரில் வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், பழுது பார்க்கக் கொடுத்த மிக்ஸிக்காகக் காத்திருந்தேன். ஒரு பெண் வந்தாள். கைப்பையிலிருந்து வட்டமான சின்னத் தெர்மாமீட்டரை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இத உள்ள வச்சு நூத்தி முப்பதுல ஓட விடுங்க. கொஞ்ச நேரம் நின்னு பாக்கணும்."

"கேக்குக்குத்தானே மேடம்?"

"இல்லீங்க, கம்மலுக்கு."

கடைக்காரர் விழித்தார். எனக்கோ கதை பிடிபட்டுவிட்டது. அவள் பெயரை நான் கேட்கவில்லை. ஆஷ்லின் என்று வைத்துக்கொள்கிறேன். இனி வருவதெல்லாம் என் சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சம்பா வயல்களின் பச்சைக்கு நடுவே, தன் கனவுகளைப் பிசைந்துகொண்டிருந்தாள் ஓர் இளம்—"

சகிக்கவில்லை. அவள் பிசைந்தது கனவு இல்லை, பாலிமர் கிளே. பெயர்தான் களிமண், உள்ளே இருப்பது பிளாஸ்டிக். விரலுக்கு வளையும், அளவான சூட்டில் வெந்தால் இறுகும். அதில் கம்மலும் ஆரமும் செய்து விற்கிறாள் ஆஷ்லின். கணவன் கிளாட்சன் குவைத்தில். ஊருக்கு வெளியே, வயல் தொடங்கும் இடத்தில் இருக்கும் வீட்டில் அவளும் மாமியார் இருதயம்மாளும் மட்டும்.

இப்போது அவள் கையில் இருப்பது தென்னம்பாளை மாதிரியில் ஓர் ஆரம். பேராவூரணியில் தென்னந்தோப்புக்காரர் மகள் கவிப்ரியாவுக்குக் கல்யாணம், அவள் சொல்லிச் செய்யும் ஆரம் இது. கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். அதைத் தாண்டினால் மார்கழி. கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது, ஆரத்தையும்.

3

கொஞ்சம் ஓவன் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் பின்னால் வரும் சண்டை புரியாது.

மைக்ரோவேவ் ஆகாது. சின்ன டோஸ்டர் ஓவனில் கம்பிகள் பொருளின் தலைமேலேயே எரியும். இரவல் வாங்கிய அப்படி ஒன்றில் ஆஷ்லின் வைத்த மல்லிகை மொட்டுக் கம்மல்கள் கறுப்பாக வெளியே வந்தன. அன்று அழுதாள். உள்ளே நல்ல இடம் வேண்டும், சூடு ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். ஓவனின் திருகு குமிழில் எழுதியிருக்கும் சூட்டை நம்பக் கூடாது. தெர்மாமீட்டர் அதற்குத்தான். சூடு குறைந்தால் ஆரம் உடையும், கூடினால் கருகும்.

(இன்னொன்று. வேகும் கிளேயின் பிளாஸ்டிக் ஆவி உள்ளே படியும் என்பதால், அந்த ஓவனில் அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பொருள் வைப்பதில்லை என்பதில் ஆஷ்லின் கண்டிப்பானவள். இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதை இதற்குள்தான் இருக்கிறது.)

கடைசியில் அவள் தன் சம்பாத்தியத்தில் ஒரு பெரிய ஓவனை வாங்கினாள். அந்த வீட்டில் அவள் பணத்தில் வந்த முதல் பெரிய பொருள் அது.

4

இருதயம்மாளை முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். "வாசலிலேயே வழிமறித்த அந்தக் கிழவி—" அடித்துவிட்டேன். அவள் வழிமறிக்கவெல்லாம் இல்லை. தீர்த்தம் தெளித்து ஓவனை வரவேற்றாள்.

"புது அடுப்புல மொதல்ல சாப்புடுற பொருள்தாம்மா வேவணும். கேக்கு போட்டு, மேல சிலுவ வரைஞ்சு, நாலு வூட்டுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் நீ உன் மண்ண வையி."

ஆஷ்லின் ஒப்புக்கொண்டாள். கேக் முதலில், கிளே பிறகு. இந்த வரிசையில் ஒரு கெடுதலும் இல்லை. அவள் கணக்கு சரிதான். கேக் அவ்வளவு நன்றாக வந்துவிடும் என்பதை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தனை காலமும் குக்கரில் மணல் பரப்பிக் கேக் வேகவைத்தவள் இருதயம்மாள். அடி தீயும், நடு அமுங்கும். "பரவால்ல, ருசி இருக்கு" என்று ஊர் சாப்பிடும். இந்த முறை பக்கத்து வீட்டு ஜெனிட்டா, கிறிஸ்துமஸுக்குத் தனக்கும் செய்து தரச் சொல்லிக் கேட்டுவிட்டாள். அன்று முழுதும் இருதயம்மாள் சிரித்த முகமாக வளைய வந்தாள்.

சாயந்திரம் சொன்னாள்: "கிறிஸ்மஸ் முடியட்டும் ஆஷ்லின். உன் மண்ணு எங்க ஓடிடப் போவுது?"

5

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கிளாட்சன் குவைத்திலிருந்து பணம் அனுப்பி இரண்டாவது ஓவன் வாங்கச் சொல்கிறான். வேண்டாம். ஆம்பளை போனில் தீர்த்துவைக்கும் முடிவை எழுத நான் எதற்கு?

இருதயம்மாள் பூசைக்குப் போன நேரம் பார்த்து ஆஷ்லின் ஆரத்தை உள்ளே வைத்துவிடு—

இதுவும் வேண்டாம். தன் பொருளை அவள் ஏன் திருட்டுத்தனமாகப் பயன்படுத்த வேண்டும்?

6

ஆகவே, நேருக்கு நேர். சனிக்கிழமை காலை. ஓவன் சூடேறிவிட்டது. பீங்கான் தட்டில் ஆரத்தைப் பரப்பிக்கொண்டு ஆஷ்லின் நிற்கிறாள். எதிரே மாவுக் கிண்ணத்தோடு இருதயம்மாள்.

"அத்தை, திங்கக்கிழமை கல்யாணம். இன்னிக்கே வச்சாவணும்."

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி மாதிரிக்கு ஒண்ணு நாளைக்குப் பூசை முடிஞ்சதும் குடுக்குறேன்னு ஜெனிட்டாகிட்ட சொல்லிட்டேனே. மாவும் கலந்தாச்சு. சோடா போட்ட மாவு காத்திருக்காதும்மா. உன்னுது காத்திருக்கும்ல?"

உண்மை. வேகாத கிளே கெட்டுப்போகாது. அதுதான் எனக்கு ஆத்திரம். காத்திருக்கக் கூடிய பொருளோடு வேலை செய்கிறவளைப் பார்த்து, காத்திரு என்று சொல்வது எவருக்கும் சுலபமாக இருக்கிறது.

"இத ஒரு தடவ உள்ள வச்சிட்டா அப்புறம் இதுல கேக் கிடையாது அத்தை. என்னிக்குமே கிடையாது."

இருதயம்மாளின் கரண்டி நின்றது.

"அப்ப நான்?" என்றாள்.

7

இதற்கு மேல் எழுதமாட்டேன். தெரியாததால் இல்லை. எழுதினால் ஓவனை ஆஷ்லினுக்குத்தான் கொடுப்பேன், இருதயம்மாளின் முகத்தைப் பார்த்த பிறகும். ஆனால் நான் கொடுத்தால் அது என் தயவாகிவிடும். அவள் உழைத்து வாங்கிய பொருளை அவளுக்கே தானம் செய்ய நான் யார்?

நீங்களும் கொடுத்துவிடாதீர்கள். ஆஷ்லின் ஓவன் கதவைத் திறந்துவிட்டாள். முகத்தில் அனல் அடிக்கிறது. தட்டு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது.