நீரூற்றுக்குத் தைத்த திரை

அம்மா கல்வெட்டுத் திரைகள் தைப்பவள். பெயர் பொறித்த கல்லின் மேல் தொங்கும் சின்னத் திரை அது. தலைவர் கயிற்றை இழுத்ததும் இரண்டாகப் பிரிந்து விலகும். நகரத் தலைவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அவர் பதவிக்கு வந்ததிலிருந்து எங்கள் தையல் எந்திரத்துக்கு ஓய்வே இல்லை. வரவேற்பு வளைவுக்கு ஒரு திரை, வளைவுக்கு விளக்குப் போட்டதற்கு ஒன்று, அந்த விளக்கைப் பழுது பார்த்ததற்கு இன்னொன்று.

எல்லாமே கருஞ்சிவப்பு வெல்வெட். மிச்சத் துணியில் அப்பாவின் மருந்துப் பை, என் புத்தக உறை, தலையணை எல்லாம் தைத்தாள். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் பட்டம் இழந்த ஒரு அரச குடும்பம் என்று நினைத்துக்கொள்ளலாம். எங்கள் வயிறு நிறைந்ததும் அந்தத் திரைகளால்தான்; அதை நான் மறுக்கவில்லை.

அடுத்ததாக இசை நீரூற்றுக்கு அடிக்கல் நாட்டு விழா வந்தது. கடன் வாங்கியும் பணம் போதாததால், மருத்துவமனைப் பேருந்தை அடுத்த மாதம் நிறுத்துவதாக நகர மன்றம் முடிவெடுத்தது. அப்பா டயாலிசிஸுக்குப் போவது அந்தப் பேருந்தில்தான். வாடகைக் கார் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சிகிச்சை தவறினால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திரைக்கு அளவு சொல்ல வந்த மாமாவிடம் அம்மா கேட்டாள்.

"பஸ்ஸ நிறுத்தப் போறீங்களாமே அண்ணா?"

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. ஊத்து வந்தா ஜனங்க வருவாங்க, வருமானம் வரும். அப்புறம் ஒண்ணுக்கு ரெண்டா விடலாம்."

"வளைவு கட்டுறப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"ஏன், வளைவு அழகா இல்லையா?"

படுத்திருந்த அப்பா சிரித்தார். "அழகுக்கென்ன குறைச்சல் மச்சான். என்னையும் அதுக்கடியில படுக்க வெச்சிடுங்க. வர்றவங்க பார்த்துட்டுப் போகட்டும்."

"வாயக் கழுவுங்க மாப்ள," என்ற மாமா, அளவைச் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார்.

அன்று அம்மாவின் கை தைத்தது. கண் அப்பாவின் மேலேயே இருந்தது.

விழா நடந்தது அப்பாவின் சிகிச்சை நாளில். துணைக்கு நானும் பேருந்தில் இருந்தேன். சதுக்கத்தில் நாற்காலிகள் சாலையை அடைத்துக் கிடந்ததால் வண்டி நின்றுவிட்டது. ஆமை வேகத்தில் ஓட்டுவதால் 'ராக்கெட்' என்று பெயர் வாங்கிய ஓட்டுநர், "ஒரு கயிறு இழுக்கிற நேரம்தான், பொறுங்க" என்றார்.

சன்னல் வழியே பார்த்தேன். கல்லின் அருகே நின்று அம்மா திரையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். மாமா கயிற்றை இழுத்தார். திரை பிரியவில்லை. பலமாக இழுத்தார். கயிறு மட்டும் அவர் கையோடு வந்தது. அம்மா கிட்டே போய்ப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பாதிகளையும் நடுவில் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தாள்.

நாடா வெட்டும் தங்க முலாம் கத்தரிக்கோல் வந்தது. அது வெல்வெட்டைக் கடித்தது, வெட்டவில்லை. வேறு கத்தரிக்கோல் தேடி ஆட்கள் ஓடினார்கள். எங்கள் ராக்கெட், யாரும் எதிர்பாராமல், ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

மாமா திரும்பினார். கூட்டத்தின் சிரிப்பிலிருந்து தப்பிக்க ஓர் இடம் தேவைப்பட்டதோ என்னவோ, கும்பிட்டபடியே வந்து பேருந்தில் ஏறினார். கூப்பிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. ஊசித் தழும்பேறிய கைகள், வீங்கிய முகங்கள், பின்னிருக்கை வரைக்கும்.

"தலைவரே, கயிறு எங்கேயும் ஓடாது," என்றாள் முன்னிருக்கைப் பெண். "எங்க நேரம் போச்சுன்னா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

மாமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இத்தனை பேரா மாப்ள?"

"உங்க மன்றக் கூட்டத்துல எங்க எல்லாரையும் ஒரே வரியில படிச்சு முடிச்சிருப்பாங்க மச்சான்."

மாமா எழுந்தார். இறங்கிப் போய், சரிகைத் துண்டோடு தானே நாற்காலிகளைத் தூக்கி ஓரம் போட்டார். பிறகு மற்றவர்களும் கைகொடுத்தார்கள். வண்டி நகரும்போது ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது: "ஊத்து இருக்கட்டும். பஸ் ஓடட்டும்."

அடுத்த மன்றக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக்க அவர் படாத பாடு பட்டார். கூட இருந்தவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவுக்கும் திரை வேலை நின்றுபோனது. இப்போது பள்ளிப் பைகள் தைக்கிறாள்.

"தெரிஞ்சுதான் சேர்த்துத் தைச்சியாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணு அங்க, கை இங்க. போய் வேலையப் பாரு," என்றாள்.

தைத்த கைக்கும், ராக்கெட்டின் ஹாரனுக்கும் நன்றி சொல்வது எனக்குச் சுலபம். மாமாவுக்குச் சொல்லத்தான் நாளாயிற்று. சொன்னபோது அவர் கூச்சத்தோடு என் புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் திரையைப் பிரித்து அம்மா பேருந்து இருக்கைக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது அப்பா அதில்தான் சாய்ந்துகொள்வார்.

"மச்சான் திறந்து வெச்சதுலயே உருப்படியானது இதுதான்," என்று வெல்வெட்டைத் தடவிவிட்டு, வீடு வரைக்கும் தூங்குவார்.