மெக்சிகோப் பூவாடை

வடக்குப்பட்டு கன்னியப்பன் தன் மகள் ரஞ்சனியின் கல்யாணத்துக்காக, செத்துப்போன மனைவி மரகதத்தைப் பூவாடை அழைத்தபோது மரகதம் வரவில்லை. மெக்சிகோ நாட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். இது நடந்தது 2018ஆம் வருடம் வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஜெனரல் ஷிப்ட் வேன்கள் ஒரகடம் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரத்தில். அந்தப் பக்கத்து வீடுகளில் சுமங்கலியாகச் செத்தவளுக்குப் பூவாடைக்காரி என்று பெயர். நல்ல காரியம் என்றால் பம்பைக்காரரோடு நீர் இருக்கும் இடத்துக்குப் போய், பூச்சுற்றிய குடத்தில் அவளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அவள் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் மேல் இறங்கி, தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை பந்தக்கால் நடுவதில்லை. கன்னியப்பன் வீட்டில் இறங்குகிற உடம்பு அவருடைய அக்கா பாஞ்சாலியுடையது. பாஞ்சாலி காஞ்சிபுரத்துக்கு அப்பால் போனவள் இல்லை, தமிழையே அவசரமாகப் பேசி முடிக்கிறவள். அவள் அன்றைக்கு ஈரப் புடவையோடு நிமிர்ந்து நின்று, யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் நெடுநேரம் பேசினாள். கூட்டத்தில் சிலர் மலையாளம் என்றார்கள். பீகார்ப் பையன்கள் குடியிருக்கும் லைன் வீட்டு ஓனர், இந்தி நிச்சயமாக இல்லை என்றார்.

குடும்பத்துக் கிணறு இருந்த நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கிணற்றை மூடி அதன்மேல் ஒரு கம்பெனியின் கொட்டகை எழும்பியிருந்தது. உள்ளே விடச் சொல்லிக் கேட்டதற்கு, ஐடி கார்டு இல்லாமல் சாமியே வந்தாலும் விடமுடியாது என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டார். ஆகவே காம்பவுண்டு சுவருக்கு வெளியே, மழைநீர்க் குழாய் வந்து விழும் கால்வாயில் அழைத்தார்கள். பழைய ஊற்றுத் தண்ணீர்தான் அங்கே கசிகிறது என்று பம்பைக்காரர் பலராமன் சொன்னார். முகூர்த்த நாள் ஆனதால் மல்லி கிடைக்கவில்லை, படப்பைக் கடையில் செண்டுமல்லிதான் இருந்தது. குடத்துக்கு அதையே சுற்றினார்கள். பின்னாளில் எல்லாரும் பலராமனைத் திட்டியது இந்த இரண்டுக்கும்தான்.

ஒரு பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் ஊரே அவசரப்படும். கன்னியப்பன் மறு வெள்ளிக்கிழமை மறுபடி அழைத்தார். மறுபடியும் அதே பாஷைதான் வந்தது. கன்னியப்பன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அவர் வேனில் தினமும் வரும் விஜயராகவன் என்ற இஞ்சினியரையும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் அன்றைக்கு அழைத்திருந்தார். விஜயராகவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது ஸ்பானிஷ் என்றார். கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஒன்றை மெக்சிகோவில் மூடிய ஆலையிலிருந்து பிரித்து எடுத்துவர அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். போன இடத்தில் தண்ணீருக்கும் மெஷினுக்கும் வார்த்தை கற்றுக்கொண்டிருந்தார், அந்த இரண்டும் இவள் பேச்சில் வருகின்றன என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அந்த மெஷின் இறங்கியது மூடிய கிணற்றின்மேல் எழும்பிய அதே கொட்டகையில்தான். மெஷினோடு ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதை யாரும் சொல்லாமலே எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

வந்தவள் போகவில்லை. அனுப்புகிற முறை தெரிந்தால்தானே அனுப்ப முடியும். விடிந்தால் சமையலறைத் தரையில் ஈரமான ஷூ தடம் இருக்கும், கம்பெனியில் தருகிற சேஃப்டி ஷூ, சின்ன அளவு. சாமி மாடத்தில் மெஷின் ஆயில் வாசனை வந்தது. மதிய ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் சுவருக்குள் பிரஸ் விழும் சத்தம் கேட்டது, விட்டு விட்டு, சாப்பாட்டு இடைவேளைக்கு மட்டும் நின்று. ரஞ்சனிக்கு அந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் அம்மாவைப் பற்றியது. பூவாடை வரவில்லை என்றால் அவள் எங்கே நிற்கிறாள்? தொடர்ந்து அழைத்தும் முன்னே வராதவள் பின்னாலேயே போய்ப் போய்க் கடைசியில் பம்பைச் சத்தம் எட்டாத இடத்துக்குப் போய்விடுவாள் என்று பலராமன் சொல்லியிருந்தார். அம்மா போனபோது ரஞ்சனி கல்லூரிக் கடைசி வருடம். படிப்பை மேலே தொடர ஆசைப்பட்டவள், ஆறாவது மாதமே செல்போன் கம்பெனி லைனில் நின்றாள்.

சென்னையிலிருந்து ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து கேள்வி கேட்க வைத்தார்கள். வேற்றாள் கேள்வி கேட்டால் பூவாடை வாய் திறக்காது, திறக்கவில்லை. போனில் பதிவு செய்தார்கள், பம்பை மட்டும்தான் பதிவானது. வீட்டுப் பெண்தான் கேட்க வேண்டும், அதுவும் கல்யாணப் பெண்ணே கேட்பது முறை. மாப்பிள்ளை சஞ்சய் மறைமலை நகரில் சூப்பர்வைசர், நல்ல பையன்தான். அவன் வீட்டார் ஒரு வருடம் பொறுத்தார்கள். பிறகு மெக்சிகோவிலிருந்து சம்மதம் வாங்கிக்கொண்டு பெண் எடுக்கிற அளவுக்குத் தங்களுக்கு வசதி இல்லை என்று சொல்லி வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கன்னியப்பன் வேறு வரன்கள் பார்த்தார். ஆனால் யார் வந்தாலும் பூவாடை சரி சொல்லியாக வேண்டும். என்ன சொல்கிறாள் என்றே தெரியாதபோது அது சரியா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படியாக, ரஞ்சனி ஸ்பானிஷ் படிப்பது குடும்பத்தின் அவசியக் காரியம் ஆயிற்று. உறவுக்காரர்களே அவளைப் படி படி என்று துரத்தினார்கள். வடக்குப்பட்டில் ஒரு பெண் மேலே படிக்கச் சொந்தங்கள் இவ்வளவு மும்முரம் காட்டியதாக அதற்கு முன் செய்தி இல்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, பிறகு டிப்ளமா. கொரோனா வந்தபோது போனைச் சன்னலில் சாய்த்துவைத்துப் படித்தாள். ஒவ்வொரு ஆடியிலும் அழைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் அவளுக்குத் தண்ணீர் என்ற வார்த்தை புரிந்தது. அடுத்த வருடம், வந்தவள் பெயர் ஒத்திலியா என்பதும் அவள் கால் சில்லிட்டிருக்கிறது என்பதும் புரிந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஒத்திலியா பேசியது பாடப்புத்தகத்துப் பேச்சு அல்ல. அது நாட்டுப்புறப் பேச்சு, பாதி பாட்டு, பாதி முணுமுணுப்பு. ஆகவே ரஞ்சனி நுழைவுத் தேர்வு எழுதி, ஸ்பானிய மொழி, இலக்கியம், பண்பாடு என்று மூன்றும் சேர்ந்த எம்.ஏ. படிக்க டெல்லிக்குப் போனாள். அங்கே சந்திரலேகா என்ற பேராசிரியர், எதற்காக இந்தப் படிப்பு என்று எல்லாரையும் கேட்டார். தூதரகம், மொழிபெயர்ப்பு, வெளிநாடு என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டில் ஒருத்தி வந்திருக்கிறாள், அவளிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்று ரஞ்சனி சொன்னாள். சந்திரலேகா அதை அப்படியே குறித்துக்கொண்டார். மெக்சிகோ கிராமத்துப் பெண்களின் ஒப்பாரியையும் தாலாட்டையும் ஆய்வுக்கு எடுக்கச் சொன்னவர் அவர்தான்.

செத்தவர்கள் வந்து போகும் கதைகளை வகுப்பில் வியந்து வியந்து பேசினார்கள். இதில் வியக்க என்ன இருக்கிறது என்று ரஞ்சனி பரீட்சையில் எழுதி மதிப்பெண் குறைத்துக்கொண்டாள். பண்பாட்டுப் பாடத்தில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெக்சிகோவில் செத்தவர்களை நவம்பரில் வீட்டுக்கு அழைக்கிறார்கள், அவர்களுக்கு வழி காட்டச் செண்டுமல்லியை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள் என்று இருந்தது. அவள் போன் செய்து சொன்னதும் கன்னியப்பன் நேரே பலராமன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். உன் பூதான் அவளைக் கொண்டுவந்து விட்டது, என் பொண்டாட்டியைத் தொலைத்துவிட்டாய் என்றார்.  முதல் நாள் வழக்கப்படியே அதுவரை செண்டுமல்லி சுற்றியவர்கள், அடுத்த ஆடிக்கு மல்லி சுற்றினார்கள். அப்போதும் ஒத்திலியாதான் வந்தாள்.

2023ஆம் வருடம் ஆடி மாதம், எம்.ஏ. முடித்து வந்த ரஞ்சனி கால்வாய்க் கரையில் பாஞ்சாலிக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு எல்லாமே புரிந்தது. ஒத்திலியா அந்தப் பிரஸ்ஸில் காலமெல்லாம் வேலை செய்தவள். செத்த பிறகும் அதை விட்டுப் போக மனமில்லாமல், அது பிரிக்கப்பட்டுக் கப்பல் ஏறியபோது தானும் ஏறிவிட்டாள். இங்கே சோறு நன்றாக இருக்கிறது, சோளம்தான் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். ரஞ்சனி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இத்தனை வருடம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டாள். என் அம்மா எங்கே? நீ வந்த வழியில் அவளைப் பார்த்தாயா?

பார்த்தேன் என்றாள் ஒத்திலியா. அவள் என் பின்னால்தான் நின்றாள். நீங்கள் மேளம் தட்டும்போதெல்லாம் என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளியது அவள்தான். முதலில் எனக்கு அவள் பேச்சு புரியவில்லை, சைகைதான். உங்கள் பேச்சு என் நாக்குக்கு வராது. ஆகவே அவள் என் பேச்சைக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி, சீக்கிரமே கற்றுக்கொண்டாள். இப்போது மிகவும் பின்னால் போய்விட்டாள், இந்த மேளம் அவளுக்குக் கேட்காது. நான் போனால் அவளைப் பார்க்கலாம், ஆனால் போய்த் திரும்ப ஒரு வருடம் பிடிக்கும்.

ரஞ்சனி அழுதாள். ஊரார் முன்னால் அழக்கூடாது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள், முடியவில்லை. அம்மா வரமுடிந்தும் வராமல் இருந்திருக்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஸ்பானிஷை மறந்து தமிழிலேயே கத்தினாள்.

"எனக்கு உனக்காகப் படிச்ச எம்.ஏ.வும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ ஏம்மா வரல? அத மட்டும் சொல்லு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே ஸ்பானிஷில் சொன்னாள். ஒத்திலியா தலையாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப்போனாள். வீட்டில் ஷூ தடம் நின்றது, சுவருக்குள் பிரஸ் சத்தமும் நின்றது. அந்த ஒரு வருடம் வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அமைதியில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. ரஞ்சனி ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து டெல்லிக்குப் போனாள். கன்னியப்பன் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சுவரையே பார்ப்பார் என்று பாஞ்சாலி போனில் சொன்னாள்.

அடுத்த ஆடியில் பாஞ்சாலி சிலிர்த்து நிமிர்ந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. ரொம்ப தூரம் நடந்தேன் என்றாள் ஒத்திலியா. பிறகு, மரகதம் ஸ்பானிஷில் சொல்லி அனுப்பியதை வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள். ரஞ்சனி முழுவதையும் கேட்டு முடித்தாள். பலராமன் பம்பையை நிறுத்தினார். என்ன சொன்னாள் என்று கன்னியப்பன் கேட்டார். ரஞ்சனி அவரைப் பார்க்காமல், அம்மா பேசுகிறபடியே தமிழில் சொன்னாள்.

"நான் வந்து இந்தக் கல்யாணம் வேணாம், பொண்ணு படிக்கட்டும்னு சொல்லியிருந்தா, யாரு கேட்டிருப்பீங்க? பெத்தவளுக்குப் பிரிய மனசு இல்ல, இன்னொரு புடவை வெச்சா சரியாப்பூடும்னு சொல்லியிருப்பீங்க. உசுரோட கீறப்ப நான் சொன்னது எது காதுல வுழுந்துச்சி? அதான் யாருக்கும் புரியாத பாஷையில சொல்ல வெச்சேன். புரியலைன்னதும் எல்லாரும் நின்னு கேட்டீங்க."

 ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. கன்னியப்பன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒத்திலியா கிளம்புகிற நேரம் வந்து பாஞ்சாலியின் தலை சாயத் தொடங்கியபோது, அவர் அவசரமாக மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம்மேல இன்னும் கோவமா கீறாளான்னு கேட்டுகினு வரச் சொல்லும்மா."

ரஞ்சனி அதை ஸ்பானிஷில் மாற்றிச் சொன்னாள். ஒத்திலியா சரி என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப்போனாள். அவள் பதிலோடு திரும்பும் அடுத்த ஆடி வரை கன்னியப்பன் வழக்கம்போல் வேன் ஓட்டினார்.