நாற்பத்தொரு நொடி

விபத்து நடந்து நாற்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிடங்கின் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கியது. ரத்தத்தைத் தேய்த்துக் கழுவிய இடத்தில் ரப்பர் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். போன வருஷம் அந்த பெல்ட்டில் ஆறு பேர் நின்றார்கள். அதை ஐந்தாக்கினார்கள். முந்தாநாள் முதல் நான்கு. பாதி விலை விற்பனையின் கடைசி நாள் என்பதால் பெட்டிகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. தூக்கு, ஒட்டு, தள்ளு. அட்டைத் தூசி நான்கு பேரின் தொண்டையிலும் படிந்தது.

மேலே கண்ணாடி அறையில் அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ எங்கோ ஒரு பொருளை வாங்கினால் அது ஒரு செய்தியாகி வரிசையில் வந்து நிற்கும். ஒரு ஜாவா நிரல் வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே பெல்ட்டுக்குச் சொல்லும். வரிசை எவ்வளவு நீளம், முன்னால் நிற்பது எத்தனை நொடியாக நிற்கிறது, நினைவகத்தில் சேரும் குப்பையைக் கூட்டிப் பெருக்க நிரல் எப்போது வேலையை நிறுத்துகிறது என்று கண்காணிப்பது அவள் வேலை. நிரல் ஓட எட்டு கணினிகள் இருந்தன. வாடகை அதிகம் என்று ஐந்தாக்கினார்கள். மேலேயும் கீழேயும் வெட்டிய கத்தரி ஒன்றுதான்.

பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் இதே வரிசையில்தான் நின்றது. பழைய பெல்ட்டில் அதற்குத் தனிக் கம்பி இருந்தது. புதிய பெல்ட்டில் கம்பிச் செலவை மிச்சம் பிடித்தார்கள். ‘நிறுத்து’ என்பதும் ஒரு செய்தி. யாரோ வாங்கிய செருப்புக்கும் தலையணை உறைக்கும் பின்னால் அது தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும்.

முந்தாநாள் காலை ஆறு மணிக்கு அப்படிக் காத்திருந்த செய்தியை அனுப்பியது அவளுடைய அண்ணி. கையுறை உருளையில் சிக்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. கம்பெனி பொறுப்பேற்காது என்று தெரிந்ததும் மருத்துவமனை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தாள்.

“உங்க அண்ணி பத்து மணிக்கு வந்துடுவாங்கல்ல?”

“கட்டுப் போட்டிருக்கு சார். பேனா பிடிக்க முடியாது.”

“இடது கை இருக்குல்ல? கைநாட்டு போதும்.”

தாளை அவள் முன்னால் வைத்தார். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கியது. அதில் அண்ணியின் விரல் பதிந்தால் வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை.

“கை மாட்டினது ஆறு ரெண்டு, அஞ்சாவது நொடி. மோட்டார் திணறியிருக்கு. பொத்தான் அமுக்கினது நாற்பத்தொன்பதாவது நொடி. அவ்வளவு நேரம் என்ன செஞ்சாங்களாம், வேடிக்கை பார்த்தாங்களா?”

“அது செய்தியை எடுத்த நேரம் சார். அமுக்கின நேரம் இல்ல. அண்ணி எட்டாவது நொடியில அமுக்கியிருக்காங்க. செய்தியிலயே பதிஞ்சிருக்கு. நாற்பத்தொரு நொடி அது வரிசையில நின்னுச்சு.”

சொல்லிவிட்டாள். குரல்தான் பாதியில் தேய்ந்துவிட்டது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அவ்வளவு நேரம் நின்னிருந்தா உன் திரை சிவப்பாகியிருக்கணுமே. ஆச்சா?”

அவள் குனிந்துகொண்டாள்.

“ஏன் ஆகலைன்னு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?” அவர் தாளை எடுத்து மடித்தார். “ஒரு வீட்டுல ஒரு கை போனா போதும்மா.”

நேற்று மாலை அண்ணிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டாள்: “ஏண்டி, நான் லேட்டாவா அமுக்கினேன்? வலி தெரியறதுக்கு முன்னாடியே அமுக்கிட்டேன்னுதான் நினைச்சேன். எல்லாரும் சொல்றதைப் பார்த்தா நான்தான் மரமா நின்னுட்டேன் போல.” அவள் அடுத்த கவளத்தை வாயில் வைத்தாள்.

கீழே இரைச்சல் கேட்டது. எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேனேஜர் நான்கு பேரிடமும் சாட்சிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி தூக்குகிறவர்களில் மூத்தவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். மீசையே இல்லாதவர். அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பொத்தானை லேட்டா அமுக்கினாங்கன்னு நாங்க சொல்லணுமா சார்? அது என்னிக்கு அமுக்கினதும் நின்னுச்சு? மேலிடத்துல அனுமதி வாங்கிட்டு வந்துதானே நிக்கும்.”

“கையெழுத்துப் போடாதவன் நாளைக்கு வரவேண்டாம்.”

“நாளைக்கு இருக்கட்டும். இப்ப எண்ணுங்கப்பா.”

மீசை சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். பெல்ட் ஓடியது. “ஒண்ணு” என்றார். மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஏழில் பக்கத்து பெல்ட்டிலிருந்தும் குரல்கள் வந்தன. பன்னிரண்டில் லாரி ஓட்டுநர்கள் வாசலில் வந்து நின்றார்கள். எடுக்க ஆளில்லாத பெட்டிகள் முனையில் முட்டிக் கீழே விழுந்தன. பத்தொன்பது, இருபது. மேலே திரையில் அந்தச் செய்தி வரிசையில் நிற்பதை அவள் பார்த்தாள். திரை பச்சையாகவே இருந்தது. இருபத்தாறில் பெல்ட் நின்றது.

அவள் படியிறங்கினாள். எதை யோசித்து இறங்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் இப்போது சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான் என்பது மட்டும் ஒவ்வொரு படியிலும் ஞாபகம் இருந்தது.

“இன்னைக்கு ஏதோ கோளாறு” என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். “முந்தாநாள் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. நம்பலைன்னா இதோ வருதே, இவளையே கேளுங்க. சொந்த அண்ணிக்கு எதிரா பொய்யா சொல்லப்போறா?”

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை முகங்களை அவள் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. அவள் சொல்லத் தொடங்கியது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ “சத்தமா சொல்லச் சொல்லுங்க” என்றார்கள்.

“சத்தம் எதுக்கு?” என்றார் மீசை. தரையில் விழுந்த பெட்டிகளை நகர்த்தி அவள் நிற்க இடம் செய்தார். “பெல்ட்டைத்தான் நிறுத்திட்டோமே. நீ மெதுவாவே சொல்லும்மா, கேக்கும். என்ன சொன்னாலும் உன்னை விட்டுட்டுப் போயிட மாட்டோம்.”

“அண்ணி லேட் இல்ல” என்றாள் அவள். “நாற்பத்தொரு நொடி வரிசையில நின்னுச்சு. அஞ்சு நொடிக்கு மேல நின்னா திரை சிவப்பாகணும், மணி அடிக்கணும். ரிப்போர்ட் நல்லா வரணும்னு அந்த அஞ்சை அறுபதாக்கச் சொன்னாங்க.” மூச்சு வாங்கியது. “மாத்தினது நான்.”