பின்னால் நின்ற நீலக் கோட்டு

சுரேந்தரின் ஸ்டுடியோவில் ஒரு அருவி இருந்தது. துணியில் வரைந்த அருவி. கெலமங்கலத்தைச் சுற்றி எந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்தாலும் அவள் அந்த அருவிக்கு முன்னால் ஒருமுறை நின்றாக வேண்டும். சத்யப்ரியாவும் போன வருடம் நின்றாள். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், “இந்த அருவிய ஏற்கெனவே ரெண்டு வீட்டுல பாத்தாச்சு” என்று சொல்லிச் சிரித்தார்களாம். அதை அப்படியே கொண்டுவந்து வீட்டில் கொட்டினார் தாய்மாமன் ராமப்பன். அவருக்கு நல்ல செய்தியை மறக்கத் தெரியும், கெட்ட செய்தியை மறக்கத் தெரியாது.

ஆகவே இந்த முறை அருவி வேண்டாம் என்று முடிவாயிற்று. மத்தூர்ப் பக்கத்துச் சம்பந்தம். பையன் சுபாஷ் ஓசூரில் மோட்டார் பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தான். ஊரில் மாந்தோப்பும் கிணறும் உண்டு. அவன் அம்மா செல்வம்மாளுக்கு நிலம் இருக்கும் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டுமாம். “பொண்ணு வீட்டுக்குப் பூந்தோட்டந்தான் பொழப்புன்னு சொல்லி வெச்சிருக்கறன். யாருதுன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல” என்றார் ராமப்பன்.

அது முழுப் பொய்யும் இல்லை. ஊருக்கு வெளியே இருந்த அந்த ரோஜாத் தோட்டம் ஒரு காலத்தில் இவர்களுடைய ராகிக் காடு. அப்பா முனிசாமி இருந்தபோதே அது பெங்களூர்க்காரர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. மேலே பிளாஸ்டிக் கூரை ஏறியது, உள்ளே நீளக் காம்பு ரோஜா வரிசை கட்டியது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா காளியம்மாள் அதே மண்ணுக்குப் பூ வெட்டும் கூலியாகப் போனாள். சிப்காட்டில் மின்சாதனக் கம்பெனிக்குப் போகும் சத்யப்ரியா, பஸ்ஸில் உடன் வரும் பெண்களிடம் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்லியிருந்தாள்.

படத்தை அந்தத் தோட்டத்தில் எடுப்பது என்று யோசனை சொன்னவள் சத்யப்ரியா. அனுமதி வாங்கியவள் காளியம்மாள். சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் கெஞ்சி, மகள் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் வாங்கினாள். படத்தில் புகை மாதிரி வந்துவிடப் போகிறது என்று அந்த நேரத்துக்கு மருந்து அடிக்கும் மெஷினையும் நிறுத்தச் சொன்னாள். காதலர் தினம் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஞாயிறும் பூ வெட்டு உண்டு. ஆனால் அம்மாவுக்கு அன்று பேக்கிங் ஷெட்டில்தான் வேலை என்று தெரிந்த பிறகே சத்யப்ரியா சுரேந்தரை வரச் சொன்னாள்.

சுரேந்தர் தேனிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் மேலே பார்த்து, “லைட்டு அருமை சிஸ்டர், இந்த பிளாஸ்டிக் வெயில வடிகட்டிக் கொடுக்குது, மூஞ்சியில நிழலே விழாது” என்றான். “உங்க தோட்டமா?” என்று கேட்டான். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வாயால் சொல்லவில்லை, அதனால் பாவம் பாதிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

“பேக்ரவுண்டு அழகா இருந்தா மட்டும் பத்தாது. சும்மாவும் இருக்கணும், நம்ம மூஞ்சியோட போட்டிக்கு வரக்கூடாது” என்று பாடம் நடத்திக்கொண்டே அவளை முன்னும் பின்னும் நகர்த்தினான். கூரையைத் தாங்கும் கம்பி தலையில் கொம்பு முளைத்த மாதிரி வருகிறது என்று இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னான். செடிகளை விட்டு நன்றாக முன்னால் வரச் சொன்னான், அப்போதுதான் பின்னால் இருக்கும் பூவெல்லாம் மங்கலாகிச் சிவப்பும் பச்சையுமாய்க் கரையுமாம். பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

“அந்தம்மா யாரு? நீலக் கோட்டு போட்டிருக்காங்களே.”

சத்யப்ரியா திரும்பிப் பார்த்தாள். ஷெட்டில் இருக்க வேண்டியவளை யாரோ வரிசைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். முள் கிழிக்காமலிருக்கப் புடவைக்கு மேல் சத்யப்ரியாவின் பழைய கம்பெனிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டுடன், கையில் கத்தரியோடு காளியம்மாள் நின்றாள். பட்டுப்புடவையில் மகளைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக இருந்தாள். கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

“யாரோ வேலைக்கு வந்தவங்க. கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்க” என்றாள் சத்யப்ரியா. குரல் தேவைக்கு அதிகமாகவே வந்தது.

சுரேந்தர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காளியம்மாள் தானாகவே இரண்டு வரிசை பின்னால் போய்ச் செடிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். சத்யப்ரியா கேமரா பக்கம் திரும்பினாள். கேட்டிருக்காது, தூரம் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

எடுத்த படங்களில் கடைசிப் படம்தான் நன்றாக வந்திருந்தது. அதில் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு நீலம் எழுந்து நின்றது. உட்கார்ந்திருந்தவள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எழுந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிறேன் என்று சுரேந்தர் சொன்னான். ராமப்பன் அவசரப்பட்டார், மங்கலாகத்தானே இருக்கிறது என்று அப்படியே வாங்கிக்கொண்டு மத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

படம் வேலை செய்தது. மாசி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். செல்வம்மாளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது காபி டம்ளரை வாங்கும்போதே தெரிந்தது. சுபாஷும் நல்ல மாதிரி, கம்பெனி பஸ் தடம் பற்றி இரண்டு வார்த்தை கேட்டான். சத்யப்ரியாவின் மனசும் அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தது. எல்லாம் கூடிவரும் நேரத்தில் செல்வம்மாள் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள்.

“எத்தன அம்சமா இருக்குது பாரு. ஆனா பின்னாடி இது யாரு, நீலமா?”

சுபாஷ் எட்டிப் பார்த்தான். “இவங்க கம்பெனி கோட்டு மாதிரி இருக்குதும்மா.”

ராமப்பனுக்கு இருமல் வந்தது. காளியம்மாள்தான் வாயைத் திறந்தாள், சாதாரணமாக, தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே.

“அதுங்களா? யாரோ வேலைக்கு வந்தவங்க.”

அதே வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை. அன்று தோட்டத்தில் அம்மா கேட்டிருக்கிறாள். கேட்டு, அதைப் பத்திரமாக வைத்திருந்து, மகளுக்குத் தேவைப்படும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறாள். சத்யப்ரியாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

“குனிஞ்ச தல நிமிரல பாரு, எத்தன அடக்கம்!” என்று செல்வம்மாள் மகனிடம் மெச்சினாள். “இதையே பெருசு பண்ணி நம்மூட்டுக் கூடத்துல மாட்டிரலாம். அந்தப் பொம்பளய மட்டும் எடுத்துரச் சொல்லணும்.”

“எடுத்துரலாங்க” என்றாள் காளியம்மாள். “ஸ்டுடியோவுல சொன்னா தொடச்சி குடுத்துருவாங்கோ.”

“எடுக்க வேணாம்” என்றாள் சத்யப்ரியா. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். “அது எங்கம்மா. தோட்டமும் எங்களுது இல்லீங்க. முன்னாடி இருந்துது. இப்ப எங்கம்மா அதுல கூலிக்குப் போறாங்க.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள், அவளுக்கு இறங்கவில்லை. பெற்றவள் தன்னையே துடைக்கச் சம்மதித்த பிறகு வந்த உண்மைக்கு என்ன பெருமை இருக்கிறது? செல்வம்மாள் படத்தைப் பார்த்தாள். காளியம்மாளின் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் முள் கீறிய தழும்பு. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“சரிங்க. ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்.”

இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று பெண் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் விளக்க வேண்டியதில்லை. சுபாஷ் வாசலில் ஒருமுறை தயங்கினான், பிறகு அவனும் செருப்பை மாட்டிக்கொண்டான். படம் பாய்மேல் கிடந்தது. ராமப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

“ஏண்டி சொன்ன?” என்று காளியம்மாள் பாய்ந்தாள். “நாந்தான் சமாளிச்சிட்டன் இல்ல? கைக்கு வந்தத இப்பிடி தட்டி உட்டுட்டியே பாவி!” கண்ணீர் வழிய, அதைத் துடைக்காமலே டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே கொடியில் நீலக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

சத்யப்ரியா பின்னாலேயே போனாள்.

“அம்மா, அன்னிக்குத் தோட்டத்துல நான் சொன்னது... உனக்குக் கேட்டுதா?”

காளியம்மாள் டம்ளரைத் தண்ணீரில் அலசினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்னாத்த சொன்ன? எனக்கு ஒண்ணும் கேக்கலியே கண்ணு. அந்த மருந்து மெஷினு வேற காதுகிட்ட ஓடிகினு இருந்துதே.”

சத்யப்ரியா அலசிய டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த மெஷினை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியதே அம்மாதான்.